ஒன்பதாம் இலக்கமும் எங்கள் லாப் டொக்டரும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. வானொலியில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. நான் குசினியில் மீன் கழுவியபடி பாதிக் கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன். "திருகோணமலை உப்புவெளியை வதிவிடமாகக் கொண்ட வைத்திய கலாநிதி செல்வி தையல்நாயகி செல்லப்பா காலமானார்" என்று வாசித்தார்கள். அந்தப் பெயர் எனக்கு யாரையும் நினைவூட்டவில்லை. அடுத்த அறிவித்தல் தொடங்கிய பிறகுதான் உப்புவெளி, வைத்திய கலாநிதி, செல்வி என்ற மூன்று சொற்களும் என் மனதில் ஒன்றாகச் சேர்ந்தன. எங்கள் லாப் டொக்டர். பத்து வருடத்துக்கு மேல் அவருடன் தாதியாக, ஊர் வழக்கில் மிஸ்ஸியாக, வேலை செய்திருக்கிறேன். அவருடைய முழுப் பெயரை ஒரு நாளாவது வாய் திறந்து சொன்னதில்லை. "அம்மா, ஆரம்மா?" என்று மகள் கேட்டாள். "உன்னைப் பிறந்த நாளில இருந்து ஒவ்வொரு விடியவும் வந்து பார்த்த ஆள்" என்றேன். மிச்ச மீனையும் கழுவினேன்.

மறுநாள் உப்புவெளி வீட்டில் பழைய சகாக்கள் பலரைக் கண்டேன். நாங்கள் வேப்பமரத்தின் கீழ் கதிரைகளில் இருந்தோம். அப்போது எங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உந்தப் பாக்கியத்தின்ர மூக்கில இருந்த கிருமியாலதானே அந்த நாளில டொக்டர் அவ்வளவு பேச்சு வாங்கினவ." எங்கள் வார்டில் துணி அலசிய பாக்கியம் பத்தடி தள்ளி, டொக்டரின் கால்மாட்டில் இருந்து அழுதுகொண்டிருந்தார். கேட்டிருக்கும். நான் அன்றும் ஒன்றும் சொல்லவில்லை.

டொக்டரின் தம்பி மகன், முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டபோது, ஏலாது என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு அந்த வேப்பமரத்தடிப் பேச்சை நினைத்து ஒப்புக்கொண்டேன். அந்தப் பேச்சு பிழை. கிண்ணியாவில் ஒரு வீட்டாரை விட்டால், ஏன் பிழை என்பதை அதுவரை அறிந்திருந்தவர்கள் மூன்று பேர்தான். அவர்களில் ஒருவரைப் போன மாதம் எரித்துவிட்டோம். மற்றவர் என் கணவர். மூன்றாவது ஆள் நான்.

எங்கள் ஆஸ்பத்திரி இன்று இல்லை. துறைமுகத்தைப் பார்த்த மேட்டில், கடற்படை விட்டுப்போன பண்டசாலைக் கட்டடம் ஒன்றில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து நடத்திய தரும ஆஸ்பத்திரி அது. அங்கே பிள்ளைப்பேற்று வார்டுதான் பெரிது. லாப் இரண்டு சிறிய அறைகள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு டொக்டர், அதுவும் பெண், கொழும்பை விட்டு இங்கே வருகிறார் என்றபோது எங்களுக்கு விளங்கவில்லை. ஏன் வந்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "கொழும்பில கிருமியும் இருக்கு, கிருமி பார்க்க ஆக்களும் இருக்கினம். இஞ்ச கிருமி மட்டும்தான் இருக்கு" என்றார். சிரிக்கவில்லை. அவர் பகிடி விட்டாலும் முகம் மாறாது.

லாப்புக்குப் பின்னால் ஒரு செம்மறியைக் கட்டி வளர்த்தார். கிருமி வளர்க்கும் தட்டுகளுக்கு இரத்தம் வேண்டும். அதற்காக மாதம் இரண்டு முறை அதன் கழுத்தில் இருந்து கொஞ்சமாக எடுப்பார். எடுத்த பிறகு அதற்கு வெல்லம் கொடுப்பார். அந்தச் செம்மறிக்குக் கிடைத்த கவனிப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை என்று நாங்கள் குறை சொல்லாத நாளில்லை.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார். மீன்பிடிக்கிற ஒருவரின் கால் புண்ணில் இருந்து எடுத்த கிருமி அதில் வெள்ளைப் படையாக வளர்ந்திருந்தது. தட்டில் ஆங்காங்கே சிறிய ஒற்றுத்தாள் பொட்டுகள். ஒவ்வொரு பொட்டும் ஒவ்வொரு மருந்தில் நனைத்தது. மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வெறும் வளையம் விழும். இரண்டு பொட்டுகளுக்கு வளையம் இருந்தது. பென்சிலின் பொட்டுக்கு ஒன்றுமே இல்லை. கிருமி அதன் விளிம்புவரை வந்து ஒட்டியிருந்தது.

"பாரும் மிஸ்ஸி. நாங்கள் பென்சிலினைக் கோட்டை மதில் எண்டு நினைக்கிறம். இவர் அதில சாய்ஞ்சிருந்து காத்து வாங்கிறார்."

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் அடிமட்டத்தால் ஒவ்வொரு வளையத்தையும் அளந்து ஒரு கொப்பியில் எழுதுவார். அதுதான் அவருடைய ஆராய்ச்சி. யாரும் அவரிடம் கேட்டதில்லை, யாரும் அதற்கு உதவியதுமில்லை. துறைமுகத்தில் இறங்குகிறவர்களின் புண், ஆலடியில் விழுந்து முழங்கால் உரசிய பள்ளிப் பிள்ளையின் புண், பிரசவித்த பெண்களின் தையல் என்று வருவதையெல்லாம் வளர்த்து, பொட்டு வைத்து, அளந்து எழுதினார்.

அறுபதுகளின் நடுவில், மழை தொடங்க முன் வரும் அந்தக் கடும் வெக்கைக் காலத்தில், எங்கள் வார்டில் அது தொடங்கியது. பிறந்து மூன்றாம் நாள் ஒரு பிள்ளைக்குக் கக்கத்தில் சீழ்க் கொப்புளம். அடுத்த கட்டில் பிள்ளைக்குத் தொடை இடுக்கில். பிறகு ஒரு பிள்ளைக்குக் கண் முழுக்கச் சீழ். வழக்கம்போல எல்லோருக்கும் பென்சிலின் போட்டோம். கொப்புளம் வாடவில்லை. நாங்கள் துணிகளை இரண்டு முறை அவித்தோம். சுண்ணாம்பு அடித்தோம். அது ஒரு பிள்ளையில் இருந்து அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருந்தது. விடிய வேலைக்கு வரும்போது வார்டு வாசலில் நின்று, இன்றைக்கு எந்தப் பிள்ளையோ என்று நெஞ்சு அடிக்கும்.

கிண்ணியாவில் இருந்து வந்த பரீதா என்ற பெண்ணுக்கு அது முதல் பிள்ளை. ஆண். ஐந்து நாட்கள் அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டித் தொப்புள் துடைத்தது நான். சுகமாகத்தான் வீட்டுக்கு அனுப்பினோம். ஒன்பதாம் நாள் காய்ச்சலோடு பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். உடம்பெல்லாம் பரவிவிட்டது. லாப் டொக்டர் தட்டைப் பார்த்து, அந்தக் கிருமிக்குக் கேட்கக்கூடிய ஒரு மருந்தைச் சொன்னார். அந்த மருந்து வந்து சேர்ந்தபோது பிள்ளை தாயின் மடியில் அடங்கிவிட்டது. பரீதா அழவில்லை. பிள்ளையின் முகத்தில் இருந்த ஈயை விரட்டிக்கொண்டே இருந்தாள்.

அன்று பின்னேரமே டொக்டர் எங்களை எல்லாம் கூப்பிட்டார். "இது சுவரில இருந்து வரேல்லை. துணியில இருந்தும் வரேல்லை. எங்களில ஆரோ ஒராள் கொண்டு திரியிறம். அந்த ஆளுக்குக் காய்ச்சல், வருத்தம் ஒண்டும் இராது. மூக்குக்குள்ள கிருமி சும்மா குடியிருக்கும். கை மூக்கைத் தொடும், பிறகு பிள்ளையைத் தொடும்." ஒரு தட்டத்தில் இலக்கம் எழுதிய துண்டுகள் மடித்து வைத்திருந்தார். ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார். பெரிய டொக்டர்மார், நாங்கள், சிற்றூழியர், தானும் உட்பட எல்லோருடைய மூக்கிலும் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்தார். குழாயில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும். எனக்கு ஒன்பது வந்தது.

அப்போது நான் ஐந்து மாதம். அதற்கு முன் இரண்டு தரம் தங்காமல் போனது. கல்யாணமாகி ஏழு வருடம். அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது என் வயிற்றுப் பிள்ளை அசைந்தது. அந்த அசைவு எனக்குச் சந்தோசமாக இருக்கவில்லை.

இரண்டு நாளில் டொக்டர் ஒரு காரியம் செய்தார். பிள்ளைகளைக் கையால் தொடுகிற ஐந்து பேரை, நாலு தாதிமாரையும் துணி அலசும் பாக்கியத்தையும், ஒரேயடியாக வார்டைவிட்டு வெளியே எடுத்தார். ஐந்து பேருக்கும் மூக்கில் பூசக் களிம்பு. ஐந்து பேருக்கும் தலை முழுகக் கிருமிநாசினிச் சவர்க்காரம். யாருடைய மூக்கில் இருக்கிறது, யாருடைய மூக்கில் இல்லை என்று சொல்லவில்லை. "ஆரெண்டு கேட்க வேண்டாம். அஞ்சு பேரும் செய்யுங்கோ." மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். இன்று நினைத்தால் விளங்குகிறது. ஒருவரை மறைக்க நாலு பேருக்குக் களிம்பு பூசினார்.

மூக்கில் கண்ட கிருமியும் பிள்ளைகளில் கண்ட கிருமியும் ஒன்றுதானா என்று திட்டமாகச் சொல்ல எங்கள் லாப்பில் வசதி இல்லை. குழாய்களைப் பஞ்சில் சுற்றி ஒரு பிஸ்கட் தகரத்தில் அடுக்கி ரயிலில் கொழும்புக்கு அனுப்பினார். பதில் வரப் பத்து நாளுக்கு மேல் எடுத்தது. அந்த நாட்களில் நான் சாப்பிட்டது நினைவில்லை. அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அதன் தாய் வேலிக்கு மேலால் பிள்ளையை நீட்டி "கொஞ்சம் வைச்சிருங்கோ மிஸ்ஸி" என்றால், அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிடுவேன்.

பதில் வந்த அன்று டொக்டர் என்னை லாப்புக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கதிரையில் இருக்கச் சொன்னார். தான் நின்றார்.

"ஒன்பது உம்முடைய இலக்கம்தானே?"

"ஓம் டொக்டர்."

"பரீதாவின்ர பிள்ளையில இருந்ததும் உம்முடைய மூக்கில இருக்கிறதும் ஒண்டு."

செம்மறி வெளியே கத்தியது. நான் கேட்டேன்: "அப்ப நானோ டொக்டர் அந்தப் பிள்ளையைச் சாகடிச்சது?"

இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். யாரும் அப்படித்தான் சொல்வார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. "தெரியாது. நீர் பிள்ளைக்குக் குடுத்தீரோ, பிள்ளை உமக்குத் தந்ததோ எண்டு இப்ப ஆராலும் சொல்ல ஏலாது. இல்லையெண்டு நான் சொன்னால் அது பொய். ஓமெண்டு சொன்னாலும் பொய்தான்."

"என்ர வயித்தில இருக்கிறது?"

"பிறக்க முதல் இதைத் துரத்த வேணும். நாலு மாசம் இருக்கு. துரத்துவம்."

அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. அப்போது அது கொடுமையாக இருந்தது. ஆனால் இரண்டு பேரையும் சேர்த்துத் துரத்துவம் என்றாரே, நீர் துரத்தும் என்று சொல்லவில்லையே, அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த கிழமை நிர்வாக சபை கூடியது. கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு முதலாளி அப்போது தலைவர். வார்டைவிட்டு எடுத்த எங்கள் ஐந்து பேரையும் சுவரோரமாக நிற்கவைத்தார்கள். ஊரில் கதை அதற்குள் பரவிவிட்டது. துறைமுகக் குடிசையில் இருந்து வருகிறவர், அழுக்குத் துணி அலசுகிறவர், அதனால் அது பாக்கியம்தான் என்று எல்லோரும் தீர்மானித்திருந்தார்கள். அவர் கையால் ஒருவரும் தேத்தண்ணி வாங்கிக் குடிப்பதில்லை.

தலைவர் சொன்னார்: "டொக்டர், எங்களுக்கு விளக்கம் வேண்டாம். இந்த மனுசியை வேலையில இருந்து நிற்பாட்டினால் சனம் அடங்கும். ஆஸ்பத்திரி பேர் தப்பும்."

"பாக்கியத்தின்ர மூக்கில ஒண்டுமில்லை. சுத்தம்."

"அப்ப மற்ற நாலு பேரில ஆர்? அதைச் சொல்லுங்கோ."

"அது நான் சொல்லமாட்டன்."

"ஒராளைச் சுத்தமெண்டு சொல்லலாம், மற்ற ஆளைச் சொல்லக்கூடாதோ?"

"பாக்கியத்தைப் பற்றி ஒரு பொய் உலாவுது. அதுக்காகச் சொன்னனான். மற்றது நோய். நோயாளியின்ர பேரைச் சபையில வைக்கிற பழக்கம் எனக்கில்லை."

"லாப்பைப் பூட்ட வேண்டி வரும்."

"பூட்டுங்கோ. பெட்டிக்குள்ள தட்டில கிருமி வளருது. நாளைக்கு அதைப் பார்த்துப்போட்டுத் திறப்பைத் தாறன்."

பாக்கியம் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதார். நான் அவருக்குப் பக்கத்தில், ஒரு முழ இடைவெளியில் நின்றேன். 'நான்தான்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என் வேலை, என் கணவர், வயிற்றில் இருந்த பிள்ளை, வேலிக்கு அப்பால் இருந்த அந்தத் தாய் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்து என்னைத் தடுத்தன. டொக்டர் அந்த ஒரு மணித்தியாலத்தில் என் பக்கம் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. பார்த்தால் மற்றவர்களும் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

லாப் பூட்டப்படவில்லை. பாக்கியத்தை நிற்பாட்டவும் இல்லை. ஆனால் டொக்டரின் சொல்லைச் சனம் நம்பவில்லை. நல்ல மனசால் ஏழையைக் காப்பாற்றுகிறார் என்றுதான் பேசிக்கொண்டார்கள். நம்பவைக்கக்கூடிய ஒரே ஆள் நான். நான் துணிக் களஞ்சியத்தில் இருந்து படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று கிழமை களிம்பு பூசி, தலை முழுகி, சட்டையெல்லாம் அவித்து உடுத்தேன். திரும்ப எடுத்துப் பார்த்தார். அதே கிருமி. அன்று லாப்பில் நான் உடைந்துபோனேன். இனி என்னால் ஏலாது, வேலையை விடுகிறேன், பிள்ளையை எங்கேயாவது தூரத்தில் பெற்று யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். டொக்டர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உம்முடைய அவர் எங்க வேலை?" என்று கேட்டார்.

என் கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தார். அன்று பின்னேரம் டொக்டர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் பெரிய மீசை வைத்திருந்த ஆள், கூச்சக்காரர். ஒரு பெண் டொக்டர் மூக்குக்குள் பஞ்சு விட வந்திருக்கிறார் என்றதும் கொல்லைப் பக்கம் போகப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, நில்லுங்கோ. என்ர பிள்ளைக்காக" என்றேன்.

"எனக்கென்ன, நான் நல்ல சுகமாத்தானே இருக்கிறன்" என்றார்.

"அவவும் சுகமாத்தான் இருக்கிறா. அதுதான் கரைச்சல்" என்றார் டொக்டர்.

இரண்டு நாளில் தெரிந்தது. அவருடைய மூக்கிலும் அதே கிருமி. நான் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுபோனது. என்னில் துரத்தத் துரத்த அவரில் இருந்து திரும்ப எனக்கு வந்திருக்கிறது. பிறகு இரண்டு பேருக்கும் களிம்பு. தலையணைகளை வெயிலில் போட்டோம். துவாய் வேறு வேறு. படகில் மற்றவர்கள் பார்க்காமல் அவர் எப்படி மூன்று வேளை களிம்பு பூசினாரோ தெரியாது. பூசினார். அடுத்து எடுத்ததில் என்னில் இல்லை. அதற்கடுத்ததில் இரண்டு பேரிலும் இல்லை. மூன்றாம் தரமும் இல்லை என்றபோதுதான் டொக்டர் "சரி" என்றார். அந்த ஒரு சொல்தான்.

அந்தக் கிழமைதான் பரீதாவின் வாப்பா லாப்புக்கு வந்தார். மருந்துப் போத்தல் ஒன்றை மேசையில் வைத்தார். அதில் கொஞ்சம் பால்.

"மகள்ட பால் டொக்டர். பிள்ள போயி இவ்வளவு நாளாகியும் கொஞ்சம் சொட்டிக்கிட்டுத்தான் இரிக்கிது. பால்ல நஞ்சு இரிக்கிண்டு மருமகன்ட தாய் சொல்றா. அவரும் தாய்ட ஊட்டுக்குப் போயிட்டாரு. சோதிச்சுத் தருவீங்களா?"

டொக்டர் அதற்குத் தேவையில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாலைத் தட்டில் இட்டு இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் குடையை எடுத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் புறப்பட்டார். நானும் வருகிறேன் என்றேன். என்னை ஒரு கணம் பார்த்தார். "கடல் காத்து. தலையை மூடிக்கொண்டு வாரும்."

பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் துறையைக் கடந்தோம். பரீதாவின் வீட்டு விறாந்தையில் பாய் போட்டிருந்தார்கள். கணவனையும் அவன் தாயையும் கூப்பிட்டு வரும்வரை டொக்டர் ஒன்றும் பேசாமல் இருந்தார். அவர்கள் வந்த பிறகு சொன்னார்: "பாலில ஒண்டுமில்லை. நான் பார்த்தனான். பிள்ளைக்கு வந்த நோய் எங்கட வார்டில வந்தது. எங்கட கையால வந்தது. பரீதாவில ஒரு குற்றமும் இல்லை."

கணவனின் தாய் கேட்டார்: "ஆர்ட கையால?"

"எங்கட கையால."

டொக்டர் அதோடு நிறுத்திவிட்டார்.  "அவனைக் குளிப்பாட்டினது நான், உம்மா" என்றேன். "நோய் என்னில இருந்தது. எனக்குத் தெரியாது."

 கணவன் எழுந்து முற்றத்துக்குப் போனான். பரீதா என்னைப் பார்த்தாள். பிறகு என் வயிற்றைப் பார்த்தாள்.

"எத்தின மாசம் மிஸ்ஸி?"

"எட்டு."

"அங்கயா பெறப் போறீங்க?"

"ஓம்."

 அவள் எழும்பிப் போய் எங்களுக்கு இளநீர் கொண்டுவந்து வைத்தாள். திரும்பி வரும்போது டொக்டர் மிதவையில் கடலைப் பார்த்தபடி நின்றார். கரை நெருங்கியபோதுதான் பேசினார்: "சொல்ல வேண்டிய ஒராளுக்குச் சொல்லிப்போட்டீர். இன்னொராள் இருக்கிறா. அது உம்முடைய விருப்பம்." பாக்கியத்தைத்தான் சொன்னார். அதன் பிறகு, சாகும்வரை, அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.

என் மகள் அதே வார்டில் பிறந்தாள். டொக்டர் ஒவ்வொரு விடியவும் வருவார். கையைக் கழுவி, காற்றில் உலரவிட்டு, பிள்ளையின் கக்கம், தொடை, தொப்புள் எல்லாம் பார்ப்பார். கொஞ்சமாட்டார். பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஐந்தாம் நாள் தொப்புளுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. நான் கத்திவிட்டேன். அவர் பஞ்சில் தொட்டு எடுத்துக்கொண்டு லாப்புக்குப் போனார். இரண்டு நாள் நான் பிள்ளையைத் தொடப் பயந்து, பால் கொடுக்கும்போதுகூட முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் வந்து "வேர்க்குரு" என்றார். அன்றைக்கு மட்டும் பிள்ளையின் காலைப் பிடித்து ஒரு தரம் ஆட்டினார்.

ஒன்றரை வருடம் கழித்துப் பரீதா வந்தாள். கணவனும் கூட வந்தான். வலியோடு வந்தவள் கட்டிலில் ஏறாமல் நின்றுகொண்டு என்னைக் கேட்டாள்: "மூக்கெல்லாம் பாத்தாச்சா மிஸ்ஸி? எல்லாரையும் பாத்தாச்சா?" பக்கத்தில் நின்ற புதிய தாதி சிரித்தாள். நான் லாப்புக்கு ஆள் அனுப்பினேன். டொக்டர் கொப்பியோடு வந்து, போன மாதம் எடுத்த சோதனைகளைப் பரீதாவுக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். அதன் பிறகுதான் அவள் ஏறிப் படுத்தாள். "என்ர அறிக்கையைக் கேட்டு வாங்கின முதல் ஆள்" என்று டொக்டர் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பிறந்தது பெண். சுகமாக வீட்டுக்குப் போனது.

ஆஸ்பத்திரி மூடப்பட்ட பிறகு நான் வேறிடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். டொக்டர் ஓய்வு பெற்று உப்புவெளியில் இருந்தார். சும்மா இருக்கவில்லை. கடைகளில் கப்சூலை ஒன்றிரண்டாக விற்கிறார்கள், துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் ஒரு நாளைக்கு வாங்கி விழுங்கிவிட்டு நோ குறைந்ததும் விட்டுவிடுகிறார்கள் என்று கடை கடையாகப் போய்ச் சண்டை பிடித்தார். கடைக்காரர்கள் அவரைக் கண்டால் உள்ளே போய்விடுவார்கள். கொப்பிகளில் இருந்து கட்டுரை எழுதிக் கொழும்புக்கு அனுப்பினார். நன்றி என்று பதில் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் அவரிடம் போனேன். நான் இப்போது வேலை செய்யும் வார்டில் ஒரு தாயின் தையல் புண் ஆறவில்லை. பரீதாவின் பிள்ளைக்கு அன்று கேட்டிருக்கக்கூடிய அந்த மருந்துக்கே கிருமி இப்போது அசையவில்லை. சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. அலுமாரியைத் திறந்து கொப்பிகளை எடுத்து மேசையில் வைத்தார். 

"இதில எழுதினது முழுக்க வளையம் சுருங்கின கதைதான். ஒரு மருந்துக்காவது வளையம் விரிஞ்சு நான் காணேல்லை."

"பிறகேன் டொக்டர் இவ்வளவு காலமும் அளந்தனீங்கள்?"

"சுருங்கிறது தெரிஞ்சால்தானே மிச்சம் இருக்கிற மருந்தை வீணாக்காமல் வைக்கலாம். தெரியாட்டி எல்லாத்தையும் ஒரே நாளில துலைச்சுப்போட்டு நிற்பம்." பிறகு கேட்டார்: "கை கழுவுற தண்ணி வார்டில ஓடுதோ? வாளியிலயோ?"

வாளியில் என்றேன். மேலிடத்துக்கு எழுதும்படி சொன்னார். எழுதினேன். குழாய் இன்னும் வரவில்லை. அதுதான் நான் அவரைக் கடைசியாகக் கண்டது.

இதை எழுதத் தொடங்க முன், போன ஞாயிற்றுக்கிழமை பாக்கியத்தின் வீட்டுக்குப் போனேன். ஒன்பதாம் இலக்கம் நான் என்று சொன்னேன். சபையில் பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை என்றும் சொன்னேன்.  "பதினேழு வருசம் மிஸ்ஸி" என்றார் பாக்கியம். "என்ர மகளின்ர கலியாணப் பேச்சு ஒண்டு அதால குழம்பினது உங்களுக்குத் தெரியுமே?" எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டேன். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் மலருக்கு எழுதப்போகிறேன் என்றபோது, "எழுதுங்கோ. என்ர பேரையும் போடுங்கோ. சுத்தமெண்டு போடுங்கோ" என்றார்.

போடுகிறேன். பாக்கியத்தின் இலக்கம் மூன்று. அதில் ஒன்றும் இருக்கவில்லை. ஒன்பது நான்.

உப்புவெளி வீட்டில் அன்று பேசியவர்கள், டொக்டர் எல்லோருக்கும் தைரியம் கொடுத்தவர் என்றார்கள். எனக்கு அவர் தைரியம் தரவில்லை. தந்தது பயம். என் கை எந்த நேரத்திலும் ஒரு பிள்ளைக்குக் கெடுதல் செய்யலாம் என்ற பயம். அது என்னை விட்டுப் போனதே இல்லை, போகவும் நான் விடவில்லை. அவரிடம் இருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

நாளைக் காலை ஏழு மணிக்கு எனக்கு வேலை. வார்டில் பதினொரு பிள்ளைகள் இருக்கின்றன.